காதில் விழ வேண்டியவை

காலை நேரத்தில் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களில் காதில் எதுவும் மாட்டாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். வெள்ளை நிற இயர்பட்ஸ், கறுப்பு நிற இயர்பட்ஸ், தலையை அணைத்துக்கொள்ளும் பெரிய ஹெட்போன், கழுத்தில் தொங்கும் பட்டை வகை என்று ஏதாவது ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. கம்பி வைத்த இயர்போனை யாராவது பையிலிருந்து எடுத்தால், "இன்னும் இதையா வச்சிருக்க?" என்று நண்பர்கள் சிரிக்கும் காலம் இது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வாரத்தில் ஐந்து நாள், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கம்பியில்லா ஹெட்செட் இல்லாமல் அந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்கும் கண்டனக் கட்டுரையை நான் எழுத வரவில்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளை நாம் போதுமான அளவு படித்துவிட்டோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் கேட்பவற்றில் இரண்டு வகை உண்டு. நாமே தேர்ந்தெடுத்துக் காதில் போட்டுக்கொள்வது ஒரு வகை. நாம் தேடாமலே காதில் வந்து விழுவது இன்னொரு வகை. ஹெட்செட் முதல் வகையை முழுதாக நம் கையில் கொடுத்துவிட்டது. அதே நேரத்தில் இரண்டாவது வகைக்கு வழியை அடைத்துவிட்டது. போட்டுக்கொள்வதன் அளவு மிஞ்சினால் செவி கெடும். விழ வேண்டியது விழாமல் போனால் தெருவில் ஆபத்து வரும். வீட்டில் தமிழ் குறையும். இந்த மூன்றையும் பற்றி நம் வயதினர் நமக்குள் பேசிக்கொள்வது நல்லது.

நன்மையை மறைக்க வேண்டாம்

முதலில் நியாயமாகப் பேசுவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் படிவம் மூன்றில் இருந்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு கூடம். ஒரு மூலையில் எனக்குக் கணிதப் பாடம் மலாயில் நடக்கும். மறு மூலையில் தம்பிக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை வாய்பாடு சொல்லிக் கொடுப்பார். நடுவில் அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். அந்த ஒரு கூடத்தை இரண்டு வகுப்பறைகளாக மாற்றியது இரண்டு ஹெட்செட்தான். நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. பொழுதுபோக்குக்காக வந்ததை விட, படிப்புக்காக வீட்டுக்குள் வந்த பொருள் இது.

இன்றும் அதன் பயன் குறையவில்லை. விரிவுரையின் பதிவை ரயிலில் இரண்டாவது முறை கேட்கலாம். தேர்வுக்கு முன்னால் சொந்தக் குறிப்புகளைச் சொந்தக் குரலிலேயே பதிந்து கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு கையில் நாசி லெமாக் பொட்டலமும் மறு கையில் புத்தகப் பையுமாக நடக்கும்போது, "பசியாறிட்டியா?" என்று கேட்கும் அம்மாவுக்கு நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. இரவில் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடக்கும் தோழியர் சிலர், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எந்தப் பாட்டும் போடாமல் யாருடனோ பேசுவதுபோல் நடப்பார்கள். வழியில் யாரும் தேவையில்லாமல் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அது ஒரு வேலி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் உலகத்தை மறந்து பாட்டுக் கேட்பதுபோல் தெரியும். உண்மையில் அந்தப் பெட்டியிலேயே மிகக் கூர்மையாகக் காதைத் தீட்டி வைத்திருப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

கருவியைத் தெரிந்துகொள்வோம்

தினமும் காதில் வைக்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி எரிச்சல் குறையும்.

புளூடூத் என்பது 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத் என்ற மன்னரின் பெயர். பிரிந்து கிடந்த மக்களை ஒன்று சேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள். வெவ்வேறு கருவிகளை ஒன்று சேர்க்கும் தொழில்நுட்பத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று இன்டெல் நிறுவனப் பொறியியலாளர் ஜிம் கார்டாக் பரிந்துரைத்தார். 1998ஆம் ஆண்டு எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கான குழுவை அமைத்தன. கைப்பேசித் திரையில் நாம் பார்க்கும் அந்த நீலச் சின்னம், பழைய வட ஐரோப்பிய எழுத்து முறையில் அம்மன்னர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து வரைந்தது.

இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்துவது அதே பகுதியைத்தான். நெரிசலில் மோதிக்கொள்ளாமல் இருக்க, பாட்டுக் கேட்கும் வழக்கமான புளூடூத் இணைப்பு 79 தடங்களுக்குள் நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. இவ்வளவு தாவியும் கேஎல் சென்ட்ரலில் மாலைக் கூட்டத்தின் நடுவே பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது என்றால், சுற்றிலும் எத்தனை கருவிகள் ஒரே பாதையில் நெருக்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு காரணம் நம் உடம்பு. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். கைப்பேசி காற்சட்டையின் பின்பையில் இருந்தால், அலை நம் உடலைச் சுற்றிக்கொண்டுதான் காதுக்கு வர வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடும். திறந்தவெளியில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. திடலில் நடக்கும்போது அடிக்கடி அறுந்துபோவது இதனால்தான். கைப்பேசியைச் சட்டைப் பைக்கோ பையின் முன்பக்கத்துக்கோ மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் சரியாகிவிடும்.

பாட்டு அருமையாகக் கேட்கும். அழைப்பு வந்து ஒலிவாங்கி வேலை செய்யத் தொடங்கியதும் குரல் பழைய வானொலிபோல் மெலிந்துவிடும். இதுவும் கோளாறு இல்லை. பாட்டு ஒரு திசையில் மட்டும் வருகிறது. பேச்சு இரு திசையிலும் போக வேண்டும். இருக்கும் குறுகிய பாதையை இரண்டாகப் பிரித்ததும் தரம் இறங்குகிறது. 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைப் பெரிதும் சரிசெய்கிறது. ஆனால் கைப்பேசி, ஹெட்செட் இரண்டுமே அதை ஏற்கும் வகையாக இருக்க வேண்டும்.

வாங்கும்போதும் கொஞ்சம் கவனம் தேவை. இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று வாங்கிய நண்பர் ஒருவருக்கு, இரண்டே மாதத்தில் இடப்பக்கம் செத்துப்போனது. விற்றவரை அதன் பிறகு பார்க்கவே முடியவில்லை. நம் நாட்டில் புளூடூத் கருவிகள் சிரிம் நிறுவனத்தின் சான்றிதழ் பெற்று, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும். பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

புளூடூத் அலை மூளையைக் கெடுக்கும் என்று குடும்பப் புலனக் குழுக்களில் செய்தி சுற்றுவதையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகள் பயன்படுத்தும் வகையின் உச்ச ஆற்றல் 2.5 மில்லிவாட் மட்டுமே. கைப்பேசியை நேராகக் காதில் வைத்துப் பேசும்போது வெளியாகும் ஆற்றலை விட இது மிகவும் குறைவு. நாம் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அலையைப் பற்றி இல்லை. விரலால் நாமே கூட்டிக்கொண்டு போகும் ஒலியளவைப் பற்றித்தான்.

மாமாவுக்குச் சட்டம் இருக்கிறது, நமக்கு?

எங்கள் தாமானில் ஒரு மாமா இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியோடு சேர்ந்து, நூலில் கோத்த இரண்டு காதடைப்பான்கள் எப்போதும் தொங்கும். அவை இல்லாமல் இயந்திரப் பகுதிக்குள் போக முடியாது என்பார். அது ஆலையின் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதார இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளியின் காதில் விழும் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடமானால் இரைச்சலைக் குறைக்க வேண்டும். காதுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். செவிச் சோதனை செய்ய வேண்டும். இவை முதலாளியின் கடமை.

அந்த மாமாவின் மகன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனும் காதில் இரண்டு துண்டுகளைத்தான் மாட்டுகிறான். அப்பா இரைச்சலை வெளியே நிறுத்த மாட்டுகிறார்; மகன் உள்ளே கொண்டுவர மாட்டுகிறான். அப்பாவின் காதுக்குச் சட்டம் இருக்கிறது, அளவு இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். மகனின் காதுக்கு இருப்பது ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ஒரு பொத்தான் மட்டும்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் நமக்கும் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒலி ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம், 89இல் 5 மணி நேரம். 90 டெசிபலைத் தொட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான்.

இதை நம் பயணத்தோடு பொருத்திப் பார்ப்போம். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குப் போக வர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால், ஐந்து நாளைக்கு பத்து மணி நேரம். 86 டெசிபலில் கேட்டால், அந்த வாரத்துக்கான பங்கு முழுவதும் ரயிலிலேயே தீர்ந்துவிடும். 89இல் கேட்டால் புதன்கிழமை காலை வகுப்புக்குப் போய்ச் சேரும்போதே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நூலகத்தில் கேட்பது, உடற்பயிற்சியின்போது கேட்பது, படுக்கையில் கேட்பது எல்லாம் கடன் கணக்கு.

ரயிலில் ஒலியைக் கூட்டுவதற்குக் காரணம் நம் பேராசை இல்லை, ரயிலின் இரைச்சல். தண்டவாளச் சத்தமும் குளிர்சாதனச் சத்தமும் பாட்டை மூடும்போது, அவற்றை மிஞ்ச நாம் பொத்தானை அழுத்துகிறோம். வீட்டுக்கு வந்து அதே அளவில் போட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதி உள்ள ஹெட்செட் இந்த இடத்தில் உண்மையாகவே உதவும். சுற்றுச் சத்தம் குறைந்தால் குறைந்த ஒலியே போதும். அந்த வசதி இல்லாவிட்டாலும், காதுத் துளைக்குப் பொருத்தமான அளவு ரப்பர் முனையைத் தேர்ந்தெடுத்தாலே கணிசமான இரைச்சல் வெளியே நின்றுவிடும். பெட்டியோடு வரும் மற்ற இரண்டு சோடி முனைகளையும் ஒரு தடவையாவது மாட்டிப் பாருங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். நம் உட்செவியில் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை இவைதாம். வெட்டுக்காயம் ஆறும், முறிந்த எலும்பு கூடும். இந்தச் செல்கள் செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள உயர்ந்த ஒலிகளில் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் எதுவுமே குறைந்ததாகத் தெரியாது. பேசுவது கேட்கும், சொல்தான் தெளிவாகப் பிடிபடாது. சத்தமான உணவகத்தில் எதிரே இருப்பவரிடம் 'என்ன, என்ன' என்று மீண்டும் மீண்டும் கேட்க வேண்டி வரும். 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கும் அதிகமானோர் உரத்த இசையை நீண்ட நேரம் கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு எச்சரித்தது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் அந்த வயது வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சொல்லித் தரும் பாடம்

காதின் அருமையைத் தெரிந்துகொள்ள நம் பள்ளத்தாக்கில் பிரிக்ஃபீல்ட்ஸை விடச் சிறந்த இடம் இல்லை. தோரண வாயிலும் பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் எல்லாருக்கும் தெரியும். 1951ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குவதும் இந்த வட்டாரத்தில்தான். பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைக் காணாமல் ஜாலான் துன் சம்பந்தனை ஒரு நாளும் கடக்க முடியாது.

அவர்களில் பலரிடமும் கைப்பேசியும் ஹெட்செட்டும் இருக்கின்றன. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற வசதிகள் அவர்களுக்குக் கண்ணாகவே இருக்கின்றன. அவர்கள் ஹெட்செட்டைப் பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நடக்கும்போது ஒரு காதில் மட்டும் இருக்கும்; அல்லது காதுத் துளையை அடைக்காமல் எலும்பின் வழியாக ஒலியைச் செலுத்தும் வகையாக இருக்கும். சாலையைக் கடக்கும் இடம் வந்ததும் நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, வண்டி எந்தப் பக்கம் வருகிறது, நிற்கிறதா நகர்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. நம்மை விட அதிகமாகக் கருவியை நம்பியிருப்பவர்கள், தெருவுக்கென்று காதில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

கண் தெரிந்த நாம் என்ன செய்கிறோம்? இரு காதையும் அடைத்து, கண்ணையும் திரைக்குக் கொடுத்துவிட்டு அதே சாலையைக் கடக்கிறோம். பின்னால் வரும் கோலின் தட்டல் நம் காதில் விழாததால் நடைபாதையின் நடுவிலேயே நிற்கிறோம். பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் வழிகாட்டித் தரையின் மீது கால் வைத்து நின்றுகொண்டு பாட்டு மாற்றுகிறோம். வழி விடுங்கள் என்று அவர் சொன்னாலும் நமக்குக் கேட்பதில்லை. நம் ஹெட்செட்டால் நமக்கு மட்டும்தான் பாதிப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

சாலையில் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது குற்றம் என்பது நமக்குத் தெரியும். அதனால் ஹெட்செட் மாட்டினால் எல்லாம் சரி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கை சும்மா இருக்கலாம். கவனம் பேச்சிலேதான் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வளாகத்துக்குப் போகும் நண்பர்களுக்கும், படிப்புக்கு நடுவே உணவு விநியோகம் செய்யும் நண்பர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வழிகாட்டிக் குரல் தேவைப்பட்டால் ஒரு காதில் மட்டும், குறைந்த ஒலியில் இருக்கட்டும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் எந்தப் பாட்டையும் விட முக்கியமானது.

தேடாமல் கிடைத்த தமிழ்

மூன்றாவது இழப்பை எந்த மருத்துவரும் அளந்து சொல்ல மாட்டார். நம் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

நம்மில் பலர் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தோம். பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில். தமிழுக்கு வாரத்துக்குச் சில பாடவேளைகள், அதுவும் பள்ளியில் கிடைத்தால். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் மலாயும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நமக்குக் கிடைத்த தமிழில் பெரும்பகுதி யாரும் உட்கார வைத்துக் கற்பித்தது கிடையாது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது காதில் விழுந்தது.

என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். லயம், மங்கு, பிரட்டு, கிராணி, ஆயாக் கொட்டகை போன்ற சொற்களை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பாட்டியும் அவருடைய தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசும்போது பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என் காதில் அவை விழுந்தன. எனக்காக அவர்கள் பேசவில்லை. நானும் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. இன்று மலேசிய இந்தியர் வரலாற்றைப் பற்றி வகுப்பில் பேசும்போது, புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது எனக்கு ஒரு வீடாகவும் ஒரு விடியற்காலையாகவும் தெரிவது அதனால்தான். அந்த நாள்களில் என் காதில் இயர்பட்ஸ் இருந்திருந்தால் அந்தச் சொற்களை எந்தச் செயலியும் எனக்குப் பரிந்துரைத்திருக்காது. நான் விரும்பியதைப் போன்றதையே மறுபடி மறுபடி தருவதுதான் அதன் வேலை.

பாட்டும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு வானொலி இருந்த காலத்தில் ஒருவர் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. டி.எம்.சௌந்தரராஜனையும் பி.சுசீலாவையும் நம் அப்பா தலைமுறை தேடிப் போய்க் கேட்கவில்லை. தாத்தாவின் வானொலியிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கொமுட்டர் ரயில் அங்காசாபுரி நிலையத்தில் நிற்கும்போது, மின்னல் எஃப்எம் ஒலிபரப்பாகும் ஆர்டிஎம் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நாம் நிற்கிறோம். அந்த வானொலியை வீட்டில் இன்றும் போடுபவர் பெரும்பாலும் பாட்டிதான். அதே கூடத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டைத் தனித்தனிக் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாகக் கேட்பது பற்றிய இந்தத் தயக்கம் புதியதல்ல. 1979ஆம் ஆண்டு ஜூலையில் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை ஜப்பானில் வெளியிட்டபோது, அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் வைத்தது. இருவர் சேர்ந்து கேட்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி குறைந்து, கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியும் என்று நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான அக்கியோ மொரிட்டா அஞ்சியதே அதற்குக் காரணம். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பேச்சுப் பொத்தான் மறைந்துவிட்டது. மக்கள் அதைத் தேடவும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கருவியைச் செய்தவர்களுக்கு இருந்த கூச்சம், இன்று பயன்படுத்தும் நமக்கு இல்லாமல் போனது யோசிக்க வேண்டிய விஷயம்.

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கேள்விக்கென்று தனியாக 42ஆவது அதிகாரத்தையும் வைத்தார். படிக்க வாய்ப்பில்லாதவரும் கேட்டாவது அறிவு பெறலாம் என்பது அதில் உள்ள கருத்து. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது பழங்காலத்து அறிவுரையாகத் தெரிந்தது. தமிழில் படிக்கும் வாய்ப்பு பன்னிரண்டு வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடும் நம் சூழலுக்கு அது இன்று நேராகப் பொருந்துகிறது.

நாம் செய்யக்கூடியவை

ஹெட்செட்டைத் தூக்கி எறியச் சொல்லும் யோசனை யாருக்கும் உதவாது. அதை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதற்கு நமக்கு நாமே சில வரம்புகள் வைத்துக்கொள்ளலாம்.

ஒலியளவு உச்சத்தில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். இது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பல கைப்பேசிகளில் உச்ச அளவுக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு வாரத்தில் எவ்வளவு ஒலியில் எவ்வளவு நேரம் கேட்டோம் என்று காட்டும் பதிவும் சிலவற்றில் உண்டு. ஒருமுறை திறந்து பாருங்கள். காதில் ரீங்காரம் கேட்டாலோ, பேச்சு தெளிவாக விளங்காவிட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஹியர்டபிள்யூஎச்ஓ' என்ற இலவசச் செயலியில் சில நிமிடங்களில் செவித்திறனைத் தொடக்க நிலையில் சோதித்துக்கொள்ளலாம்.

சாலையைக் கடக்கும்போதும் நடைமேடையின் விளிம்பில் நிற்கும்போதும் ஒரு காதாவது திறந்திருக்கட்டும். கடைக்காரரிடமோ காவலாளியிடமோ பேசும்போது இரண்டையும் கழற்றிவிடுவோம். பாட்டை நிறுத்தியிருக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும்; எதிரே நிற்பவருக்கு நம் காதில் உள்ள துண்டுதான் தெரியும்.

பழையது கெட்டுப்போனால் வீட்டுக் குப்பையில் போட வேண்டாம். அதற்குள் இருக்கும் சிறிய லித்தியம் மின்கலத்தை மாற்ற முடியாதபடி ஒட்டியிருப்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் சக்தி குறையும்போது முழுக் கருவியும் வீணாகிறது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுப்பதே முறை.

பல்கலைக்கழகங்களில் இயங்கும் தமிழ் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3ஆம் தேதி உலகச் செவித்திறன் தினம். இரத்த தான முகாம் நடத்துகிறோம், கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். செவிப் பரிசோதனைக்கும் ஒரு மேசை போடலாம். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதி செய்திருக்கும் சோதனையை, அவருடைய பிள்ளைகளுக்கு நாமே ஏற்பாடு செய்து கொடுக்கலாம்.

கடைசியாக, வீடு. நாள் முழுவதும் கேட்டது போதும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது ஹெட்செட் அதன் பெட்டியில் உறங்கட்டும். அப்பா வேலையிடத்துக் கதை சொல்வார். நமக்கு அது பழைய கதையாக இருக்கலாம். பாட்டி யாரோ ஒரு தூரத்து உறவைப் பற்றிப் பேசுவார். அந்த உறவு யாரென்றே நமக்குத் தெரியாமல் இருக்கலாம். விழட்டும். பாட்டு நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். பாட்டி வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.